ஓட்டைப்பல் படிக்கிறாள்

ஜூலை 6, திங்கள்

கொட்டாவி இன்றைக்கும் ஆன்லைன் வகுப்புக்குத் தலைகீழாகத்தான் வந்தான். போனை எப்படி நிமிர்த்தி நிறுத்துவது என்று அவன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது. வக்கீலின் அம்மா பின்னால் உட்கார்ந்து மகனுக்குப் பதில் ஊதுகிறாள். கேட்டால், "நான் சும்மா காய் நறுக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்கிறாள். காயா கழித்தல் கணக்குப் போடும்?

(இந்தப் பட்டப்பெயர்கள் இந்த டைரிக்குள் மட்டும். வெளியே எல்லாம் கண்ணே, தங்கமே.)

மாடியில் நாத்தனாரின் வகுப்பு. அவளும் இரண்டாம் வகுப்புதான், பி பிரிவு. எனக்கு ஏ. பள்ளியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான். அவள் அங்கே பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு குதித்துப் பாடினால் இங்கே என் தலைக்கு மேல் மின்விசிறி ஆடுகிறது.

என்னிடம் பாட்டுக் கிடையாது, வாசிப்பு வேட்டை உண்டு. வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் எங்கேயாவது எழுத்தைத் தேடிப் பிடித்துவந்து உரக்கப் படிக்க வேண்டும். சோப்பு உறை, மாத்திரை அட்டை, எதுவானாலும் சரி. புரிய வேண்டாம், வாய்விட்டுப் படித்தால் போதும்.

முன்பல் இரண்டும் விழுந்த ஓட்டைப்பல் இன்றைக்கு ஒரு ஒட்டுத்தாளோடு வந்தாள். அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். "ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது." காற்றெல்லாம் பல் சந்தில் போனது, ஒரு எழுத்து தப்பவில்லை. ஜூன் தொடக்கத்தில் 'க'வையும் 'த'வையும் பார்த்து முழித்தவள் இவள். அவளுடைய அம்மா போன வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில். அம்மாவின் போன் அம்மாவோடு. இவள் அப்பா போனில் வருகிறாள்.

ஜூலை 8, புதன்

பெரிய மேடம் கூப்பிட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். "ஆகஸ்ட்லேர்ந்து ரெண்டு செக்ஷனும் ஒண்ணுதான். டீச்சரும் ஒருத்தர்தான். நான் சொன்னா பாரபட்சம்னு சொல்வீங்க. அம்மாக்களே சொல்லட்டும்."

அம்மாக்கள் என்றால் போனில் அம்மாக்கள் குரூப், பிரிவுக்கு ஒன்று. ஒரு வீட்டுக்கு ஒரு எண், அதுவும் அம்மாவின் எண் மட்டும். பள்ளியின் விதி. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் என்ன நடந்தது என்று நாங்கள் அதில் எழுதிப் போடுகிறோம். யாருடைய செய்திக்கு அம்மாக்கள் அதிகம் இதயம் போடுகிறார்கள் என்று பெரிய மேடம் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். படித்த பொம்பளை.

இவரிடம் சொன்னேன். இவர் வேலைபார்த்த ஹோட்டல் மூடியதிலிருந்து சோபாதான் இவருக்கு அலுவலகம். "உனக்குக் கெடைச்சா என்ன, என் தங்கச்சிக்குக் கெடைச்சா என்ன? ஒரே வீடுதானே" என்றார்.

ஒரே வீடாம். அவள் சம்பாதித்துக் கொண்டுவந்து போடுவாள், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு அவள் பாட்டைக் கேட்க வேண்டும். அதைவிட இருவருக்குமே வேலை போய்த் தொலையட்டும்.

ஜூலை 10, வெள்ளி

என் செய்தி: "இந்த வாரம் கழித்தல் முடிந்தது. வாசிப்பில் நல்ல முன்னேற்றம். கேமராவை அணைத்து வைப்பதைத் தவிர்க்கவும்." அதன் கீழே மூன்றோ நான்கோ இதயம். ஒருத்தி கட்டைவிரல். கட்டைவிரலெல்லாம் ஒரு பதிலா?

நாத்தனார் பொம்மைக்குக் காய்ச்சல் வந்ததாகவும், பிள்ளைகள் அதற்குக் கஷாயம் சொன்னதாகவும் வீடியோ போட்டிருக்கிறாள். அவள் போனை எட்டிப் பார்த்தேன், அவளுடைய குரூப் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி எழுதுங்களேன்."

"எனக்குச் சிரிக்கச் சம்பளம் தரலை."

இவர் தட்டைப் பார்த்தபடி, "நீ எழுதறது கரன்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

ஜூலை 13, திங்கள்

மின்விசிறி ஆடிக்கொண்டே இருந்தது. கத்தரிக்கோலால் அவளுடைய பொம்மையின் கழுத்தை வெட்டுவதுபோல் நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஜூலை 15, புதன்

ஓட்டைப்பல் இன்று வேட்டைக்குத் தானே எழுதிய தாளைக் கொண்டுவந்தாள். "அம்மா சீக்கிரம் வா. நான் உனக்குப் படிச்சுக் காட்டுவேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அம்மா சொன்னாங்க டீச்சர். நான் வரதுக்குள்ள நீ படிக்கக் கத்துக்கணும்னு. நான் கத்துக்கிட்டேன். இனிமே அவங்கதான் வரணும்."

வகுப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்தத் துண்டைத் தனியே எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஆகும்.

ஜூலை 17, வெள்ளி

காலையில் ஓட்டைப்பல்லின் அப்பா கூப்பிட்டார். விடியற்காலையில் முடிந்துவிட்டதாம்.

"பாப்பாவுக்கு இன்னும் சொல்லல டீச்சர். எங்க அக்கா திங்கக்கெழம சாயங்காலம் வந்துருவாங்க. அவங்க பக்கத்துல இருக்கறப்ப நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். பாப்பா க்ளாஸுக்கு வரட்டும். எப்பவும் போல இருக்கட்டும்."

"என்னை நம்புங்க சார்" என்றேன். சொன்னபோது அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சாயங்காலம் ஆயிற்று. நாத்தனார் எனக்கு முன்பே தன் குரூப்பில் செய்தி போட்டுவிட்டாள். பொம்மைக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு முத்தம். நான் "இந்த வாரம் பெருக்கல் வாய்ப்பாடு" என்று தொடங்கி, அழித்து, தொடங்கி, அழித்து—

அப்புறம் எழுதினேன். "நம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் அம்மா இன்று நம்மைப் பிரிந்தார். அம்மா வந்ததும் படித்துக் காட்டுவேன் என்று புதன்கிழமை அவள் சொன்னதைக் கேளுங்கள். இன்றிரவு நம் பிள்ளைகளை ஒருமுறை கூடுதலாக அணைத்துக்கொள்வோம்." கூடவே அந்தத் துண்டு வீடியோ.

கடைசி வரியில் எனக்கே கண் கலங்கியது. நல்ல வரி.

அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எண் குரூப்பில் இல்லை. அவர் மனைவியின் எண் இருக்கிறது, அதை இனி யார் பார்க்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை அவர் சொல்லிவிட்டால் எப்படியும் ஊருக்கே தெரியத்தானே போகிறது.

இதயங்கள் வந்துகொண்டே இருந்தன. அழுகிற முகங்கள், கூப்பிய கைகள். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். பெரிய மேடம் தனியே அனுப்பினார்: "மனசைத் தொட்டுட்டீங்க."

நாத்தனார் கீழே இறங்கி வந்தாள். யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணி, அவங்க வீட்டுல கேட்டுட்டுத்தானே போட்டீங்க?"

"கேட்காம போடுவேனா?" என்றேன்.

ஜூலை 18, சனி

இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பி பிரிவு அம்மாக்கள்கூட எனக்கு எழுதுகிறார்கள். மாடி அமைதியாக இருக்கிறது.

ஜூலை 20, திங்கள்

எழுதணும்.

வகுப்புத் தொடங்க, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே விடுகிறேன். கொட்டாவி, வக்கீல், மற்றவர்கள். அப்புறம் திரையில் ஒரு படம் உள்ளே வர அனுமதி கேட்கிறது. அந்த அம்மாவின் படம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி.

செத்துப்போனவள் என் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே விடு என்கிறாள்.

அழுத்தினேன். உள்ளே வந்தது ஓட்டைப்பல்.

"டீச்சர், அம்மா போன் வந்துருச்சு." முகமெல்லாம் பல் இல்லாத சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கொண்டுவந்த பையில் அம்மாவின் புடவைக்கு நடுவே இருந்ததாம். எடுத்து இவளே சார்ஜ் போட்டிருக்கிறாள். அப்பா உள்ளே தன் போனில் யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறாராம், அதனால் இதில் வந்தாளாம். "போன் வந்துருச்சுன்னா அம்மாவும் வந்துருவாங்கதானே?"

நான் என்ன சொன்னேன்? "சரிம்மா, உக்காரு" என்றேன். உக்காருன்னு சொன்னேன். அறிவு கெட்டவளே, போனை அப்பாகிட்ட குடுன்னு சொல்லியிருக்கலாமே. கரன்ட் போச்சு, க்ளாஸ் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. எதுவும் தோணலை.

"இன்னிக்கு வேட்டைக்கு நான்தான் மொதல்ல டீச்சர். அம்மா போன்ல நெறைய வந்திருக்கு. நம்ம க்ளாஸ் அம்மாங்க எல்லாரும் போட்டிருக்காங்க. நான் கீழேர்ந்து பாத்துப் பாத்து நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், மேல இன்னும் இருக்கு."

நோட்டைத் தூக்கிக் காட்டினாள். பென்சிலில், பெரிய பெரிய எழுத்தாக. ஒரே வரி, மேலே, கீழே, மறுபடியும். எல்லா அம்மாக்களும் அதையேதானே எழுதியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் விடாமல் எழுதியிருக்கிறாள்.

"ஆ... ழ்... ந்... த. ஆழ்ந்த. இ... ர... ங்... கல். இரங்கல். ஆழ்ந்த இரங்கல். டீச்சர், இரங்கல்னா என்ன?"

எனக்குத் தெரிந்த ஒரே பட்டனை அழுத்தினேன். அவள் ஒலியை அணைத்தேன். சிரித்துக்கொண்டே, "அருமை, அடுத்தது யாரு?" என்றேன்.

அடுத்தது வக்கீல். அவன் வாய் திறந்தே இருக்கும். "டீச்சர், எனக்குத் தெரியும். அது செத்துப் போனவங்களுக்குப் போடறது. அவ அம்மா செத்துட்டாங்க. எங்க அம்மா வீடியோ பாத்து அழுதாங்க."

அவனுடைய அம்மாவின் கை வந்து அவன் வாயைப் பொத்தியது. காய் நறுக்கும் கை.

ஓட்டைப்பல் நோட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்திருக்கலாம், கேமராவில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஆனால் என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். சின்ன வாய், நடுவில் அந்த ஓட்டை. கத்துகிறாள். கழுத்து நரம்பு தெரிகிறது. சத்தமே இல்லை. நான்தான் அணைத்துவிட்டேனே. அணைக்க என்னால் முடியும், திறக்க அவள் பக்கத்தில்தான் முடியும். நான் திறக்கச் சொல்லி அழுத்திக்கொண்டே இருந்தேன். அது அவளுடைய திரையில் கேட்டிருக்கும்: பேச விருப்பமா என்று.

பின்னால் ஒரு ஆள் ஓடி வந்தார். சட்டை போடாத நெஞ்சு மட்டும் தெரிந்தது. அப்புறம் அந்தக் கட்டம் கறுத்துவிட்டது.

மேலே நாத்தனார் பாடிக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஆடியது.

ஜூலை 21, செவ்வாய்

செய்தியை அழித்தேன். பார்க்கக் கூடாதவள் பார்த்தாயிற்று.

ஓட்டைப்பல்லின் அப்பா கூப்பிட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம்.

"பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர்" என்றார். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." வைத்துவிட்டார்.

ஜூலை 24, வெள்ளி

பெரிய மேடம் சொல்லிவிட்டார். நான்தான். "அன்னிக்கு க்ளாஸ்ல நீங்க அழுததை அம்மாக்கள் எல்லாரும் பாத்தாங்களாம். இப்படி ஒரு டீச்சர் கெடைக்க மாட்டாங்கன்னு எழுதறாங்க."

நான் அழுதேனா? எனக்கே தெரியாது.

நாத்தனாரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளே ஓட்டைப்பல்லின் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அடுக்களை வாசலில் நின்று, "கேட்டுட்டுத்தான் போட்டேன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

ஜூலை 31, வெள்ளி

நாத்தனார் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். பொம்மையை மாடியிலேயே விட்டுவிட்டாள். மின்விசிறி ஆடவில்லை. வகுப்பில் என் குரல் எனக்கே ரொம்பச் சத்தமாகக் கேட்கிறது.

நவம்பர் 3, செவ்வாய்

ஓட்டைப்பல் இன்றும் வரவில்லை. வருகைப் பட்டியலில் கோடு போட்டேன்.

பிப்ரவரி 8, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பெஞ்சுக்கு இரண்டு பிள்ளை, ஓரத்துக்கு ஒன்றாக. கொட்டாவி நேராக உட்கார்ந்தால் வேறு ஆளாக இருக்கிறான்.

ஓட்டைப்பல்லை அவளுடைய அத்தை கொண்டுவந்து விட்டாள். வேறு செக்ஷன் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டாளாம். இல்லை என்றார்களாம். இருந்த ஒன்றையும் ஜெயித்துத் தீர்த்தவள் நான்.

படிக்கும்போது மட்டும் மாஸ்க்கை இறக்கிக்கொள்ளலாம். அவள் முறை வந்தது. எழுந்தாள், இறக்கினாள். பல் முளைத்துவிட்டது. இரண்டும் பெரிதாக, வேறு யாருடைய வாயிலிருந்தோ எடுத்து வைத்ததுபோல். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாள். விரல் வரிக்கு வரி சரியாக நகர்கிறது, உதடு ஒவ்வொரு எழுத்துக்கும் அசைகிறது. சத்தம் மட்டும் இல்லை. துளிகூட இல்லை.

"டீச்சர், அவ மியூட்ல இருக்கா" என்றான் வக்கீல்.

வகுப்பே சிரித்தது. அவள் பக்கத்தை முடித்து, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தது யாரு?" என்றேன். வேறு என்ன சொல்வேன். அதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 12, வெள்ளி

வெள்ளிக்கிழமைச் செய்தி போட்டேன். "எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லாரும் அழகாகப் படிக்கிறார்கள்." நிறைய இதயங்கள்.

யார் யார் பார்த்தார்கள் என்று திறந்து பார்த்தேன். குரூப்பிலிருந்து அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற அதே படம். செய்தியை முதலில் படித்திருப்பது அந்த எண்தான்.