பொள்ளாச்சிச் சந்தைக் காட்சி

இயேசு மரி சூசை துணை

போத்தனூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் லின்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே உனக்கும் மாப்பிள்ளை ஜெஃபினுக்கும் குட்டி ஆஷ்லிக்கும் அப்படியே இருக்கும்படி மாதா பார்த்துக்கொள்ளட்டும். மழை இந்த வருஷம் பரவாயில்லை, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, நம் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பக்கத்து வீட்டு பிராங்க் மாடி எடுக்கிறான், அதனால் நம் வீடு முழுக்க சிமெண்டுத் தூசி, உன் அம்மாவுக்கு இருமல் வந்து இப்போது நின்றுவிட்டது. எனக்கு பிரஷர் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் அம்மா பேசப் பேச அழுததும் நடுவில் லைன் அறுந்துபோனதும் உன்னைப் பயமுறுத்திவிட்டது போலிருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கப்பா என்று செய்தி அனுப்பியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்கே பதில் போட்டேன், மற்றதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டே இருப்பாள். ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவனுக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் வரும், அப்படியே எழுதுகிறேன், ஆற அமர உட்கார்ந்து படி.

உன் அம்மாவைப் பெற்ற செசிலியம்மாள், உன் அம்மாவுக்கு மூன்று வயது நிறைவதற்குள் காய்ச்சலில் இறந்தது உனக்குத் தெரியும். உன் தாத்தா மறுகல்யாணம் செய்துகொண்டு மகளைக் கோயமுத்தூரில் சிஸ்டர்கள் நடத்திய போர்டிங்கில் விட்டுவிட்டார். செசிலியம்மாளை எடுத்த ஒரே படம் கல்யாணப் படம், அதைப் பொள்ளாச்சி வீட்டுச் சுவரிலேயே கரையான் தின்றுவிட்டது. எங்கம்மா எப்படி இருந்தாங்க என்று உன் அம்மா யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், பாவம், சாது, இருக்கிற இடமே தெரியாது, நோஞ்சான் உடம்பு என்பார்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கல்லறைத் திருநாளன்று உன் அம்மா என்னிடம், “எல்லாருக்கும் கண்ணை மூடுனா ஒரு மொகம் வருமுங்க, எனக்கு ஒண்ணுமே வாரதில்லீங்க” என்று சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை.

மாதா திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் மிக்சி ரிப்பேர் ஆகி, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் காந்திபுரம் போனோம். சரிசெய்து வாங்கி வெளியே வந்தால் நல்ல மழை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக முடியவில்லை, ஒரு டிவி கடைக்குள் ஒதுங்கினோம். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் பெயர் ரிஃபத், நாங்கள் வாங்க வந்தவர்கள் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும், ஆனாலும் இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டு, “உக்காருங்க அம்மா, மழை உட்டதும் போலாமுங்க” என்றாள். சுவர் முழுக்க டிவி, பெரிசும் சின்னதுமாக எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெயரை உன் அம்மா உன்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாள், நான் எழுதவில்லை. ஊர் உலகமெல்லாம் கொண்டாடுகிற படமாம், எங்களுக்குத்தான் தெரியாது. போர்டிங்கில் சிஸ்டர்கள் வேதப் படம் தவிர வேறு காட்ட மாட்டார்கள், எனக்குச் சினிமாவில் எப்போதும் தூக்கம் வரும். கதை பெரிதாக ஒன்றுமில்லை, அப்பன் செத்துப்போன ஒரு பெண் வீட்டிலிருந்த இரண்டு உழவு மாடுகளைத் தனியாக ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறாள், பெண்பிள்ளை கொண்டுவந்த மாடு என்று யாரும் ஒழுங்கான விலை கேட்பதில்லை, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறாள். பேச்சு மிகக் குறைவு. முதலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை, மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை, உன் அம்மா மிக்சியை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். சந்தை வந்ததும் “ஏனுங்க, இது எங்க பொள்ளாச்சி சந்தைங்க” என்றாள். ரிஃபத் அதைக் கேட்டு, “ஆமாங்கம்மா, அங்கதான் எடுத்தாங்களாம், எங்க அத்தா வருசத்துக்கு ஒருக்காவாவது இதைப் பாத்துப்போடுவாருங்க, சந்தையில நிக்கறவங்க யாரும் நடிகருங்க இல்லையாம், அன்னிக்கு வந்திருந்த ஊர்ச் சனம்தானாம்” என்றாள். எந்த வருஷத்துப் படம் என்று உன் அம்மா கேட்டாள். அந்தப் பெண் போனில் பார்த்துச் சொன்னாள். செசிலியம்மாள் இறந்ததற்கு முந்தின வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய தொடுதிரை டேப்பில் அந்தப் படத்தைத் தேடிப் போடச் சொன்னாள். சினிமாக்காரர்கள் சந்தைக்கு வந்தபோது செசிலி வேடிக்கை பார்க்கப் போய் வீட்டில் திட்டு வாங்கினாள் என்று அவளுடைய பெரியம்மா இருதயம்மாள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. சந்தைக் காட்சியில் அந்தப் பெண் மயங்கி விழப் போகிற நேரத்தில், மோர்ப் பானையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாள் எழுந்து வந்து ஒரு சொம்பு மோர் கொடுப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார், தலையைத் தடவிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். அமைதியான முகம், லட்சணமாக இருப்பார். உன் அம்மா அங்கே நிறுத்தி, “இவங்கதானுங்க எங்கம்மா” என்றாள். எப்படித் தெரியும் என்றேன், தெரியுதுங்க என்றாள். உங்கள் வீட்டில் யாரும் மோர் விற்கவில்லையே என்றேன், நடிக்கறதுக்குக் குடுத்திருப்பாங்க என்றாள். அந்த முகத்தைப் படம் பிடித்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். காலையில் ஜெபம் முடிந்ததும் அதைப் பார்த்து ஏதாவது பேசுவாள். உன்னைப் பற்றியும் ஆஷ்லி பள்ளிக்கூடம் சேர்ந்தது பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இருதயம்மாள் பெரியம்மா உயிரோடுதானே இருக்கிறார், செசிலியம்மாளுக்குக் கூடப்பிறந்த அக்கா, கண் ஆபரேஷன் செய்து நன்றாகப் பார்வை தெரிகிறது, அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். அடுத்த வாரமும் சொன்னேன். “இல்லைன்னு சொல்லிப்போட்டா நான் என்ன பண்றதுங்க” என்று கேட்டாள். ஆனால் சரிபார்க்காத ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதையும் சொன்னேன். இரண்டு நாள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அந்தப் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் அவளே டேப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்க என்றாள்.

உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போனோம். வழியெல்லாம் உன் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். பெரியம்மாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது, காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. சந்தையில் எடுத்த படத்தில் ஒரு ஆளை யாரென்று சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அந்த இடத்தைப் போடப் போனேன், “மொதல்லருந்து போடுங்க மாப்பிள்ளை, பாதியில பாத்தா கதை எப்படிப் புரியும்” என்று அதட்டினார். முதலிலிருந்தே போட்டோம். அந்தப் பெண்ணிடம் மாட்டைக் குறைத்துக் கேட்ட தரகனைப் பெரியம்மா கெட்ட வார்த்தையில் திட்டினார். மோர் கொடுக்கிற இடம் வந்ததும் உன் அம்மா நிறுத்தி அந்த முகத்தின் மேல் விரலை வைத்தாள். பெரியம்மா குனிந்து பார்த்து, “இவளா, இவ நம்ம கருப்பாத்தா கண்ணு, மோர் விக்கறவ, நல்ல மனுசி” என்றார்.

உன் அம்மா விரலை எடுக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு எங்கள் மனதில் இருந்தது ஒன்றும் தெரியாது, “ஏன் நிறுத்திப்போட்ட, ஓட உடு, படம் வந்தப்பவே கொட்டாயில பாத்திருக்கேன், செசிலி இன்னும் வாரதுக்குள்ள நிறுத்துனா எப்படி” என்றார். நான்தான் எட்டி ஓடவிட்டேன். மோர் குடித்த பெண் சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறாள், காட்சி மாடுகள் பக்கம் திரும்புகிறது. மாடுகளுக்குப் பின்னால் ஒரு ஓரமாக ஒல்லியாக ஒருத்தி, இடுப்பில் குழந்தை, நேராக நம்மைப் பார்த்து வாய் முழுக்கச் சிரிக்கிறாள். சோகமான கட்டம், சுற்றி எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க இவள் ஒருத்திதான் சிரிக்கிறாள். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடித்து இழுக்கிறது, சிரித்துக்கொண்டே மறைந்துபோகிறாள். கண் மூடித் திறக்கிற நேரம்தான். “இதா, பல்லைக் காட்டிட்டு நிக்கறா பாரு, இவதான் செசிலி” என்றார் பெரியம்மா. “கேமராவைப் பாக்காதீங்க, சிரிக்காதீங்கன்னு அவங்க தொண்டை காயக் கத்தறாங்க, இவ கேட்டாத்தான. இழுக்கற கை என்னோடது. இடுப்புல இருக்கறது யாருன்னு நெனச்ச, நீதான்.”

நாங்கள் நம் வீட்டில் எத்தனையோ தடவை அந்தக் காட்சியைப் போட்டிருக்கிறோம் லின்சி, ஒவ்வொரு தடவையும் மோர் கொடுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தோம். உன் அம்மா மெதுவாக, “எங்கம்மா சாதுன்னு சொன்னாங்களே பெரிம்மா” என்றாள். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எவ சொன்னா? செத்தவளைப் பத்தி எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. அவ சிரிச்சா சந்தைக்கு அக்கட்டால இருக்கறவனுக்குக் கேக்கும். பூசையில சிரிச்சுப்போட்டுச் சாமியார்கிட்டத் திட்டு வாங்குவா. காய்ச்சல்ல படுத்ததுக்கு அப்பறம் பாத்தவங்க சொன்னதையெல்லாம் நம்பிட்டிருந்தியா நீ” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, தங்கச்சி போன பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறேன் என்கிற மாதிரி டேப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, “இன்னொருக்கா போடுங்க மாப்பிள்ளை” என்றார். எப்படி ஓட்டுவது என்று உன் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் பஸ் விசாரிக்க வெளியே வந்தேன். திரும்பிப் போனபோது இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யார் அழுகிறார்கள் யார் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கருப்பாத்தாளின் மகள் சந்தைப்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பதாகப் பெரியம்மா வீட்டில் சொன்னார்கள். அடுத்த வாரம் நாங்கள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்களிடம் கருப்பாத்தாள் கிழவியான பிறகு எடுத்த படம் ஒன்றுதான் இருந்ததாம். அந்தம்மா வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்களை உட்காரச் சொல்லவே மறந்துவிட்டார். உன் அம்மா அவர் கையைப் பிடித்து, இவ்வளவு நாள் எங்கள் வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்ல வந்தது இதைத்தான், சொல்ல முடியாமல் போய்விட்டது. இப்போது ஆணி காலியாக இருக்கிறது. செசிலியம்மாள் முகத்தையும் எடுத்துச் சட்டம் போடலாம் என்று ஸ்டுடியோவில் கொடுத்துப் பார்த்தோம், முடியவில்லை. அவர் அசைந்துகொண்டே இருக்கிறார், எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் கலங்கிப்போகிறது, மூக்கு எது வாய் எது என்று தெரிவதில்லை. ஓடவிட்டால் மட்டும்தான் பளிச்சென்று தெரிகிறார். ஸ்டுடியோக்காரர் வேறு எதையாவது வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றார், வேண்டாமுங்க, அவங்க நிக்க மாட்டாங்க, ஓடட்டும் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் லீவு நாளில் அந்தப் படத்தை முதலிலிருந்து பாருங்கள், குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாடுகளுக்குப் பின்னால் இடது ஓரம். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு டூட்டிக்கு ஓடாதே, சளி ஊசி போட்டுக்கொண்டாயா என்று எழுது, போன தடவை கேட்டதற்கே பதில் இல்லை. மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். உங்கள் மூவர் தலையிலும் எங்கள் இருவர் கையும் இருக்கிறது, ஆண்டவர் துணையிருப்பார்.

இப்படிக்கு
உன் அப்பா
அமிர்தராஜ்