சீனி டின்

இன்று காலை தேநீர் போடும்போது, பழைய பால்மா டின்னில் நீ எழுதி ஒட்டிய தாளை நானே வாசித்தேன். எழுத்துக் கூட்டி, சத்தமாக: சீனி. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மெதுவாகத்தான் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

முன்பெல்லாம் எது சீனி, எது உப்பு என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்பேன். "வாசிக்கத் தெரிஞ்ச பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறேன், உங்களுக்கு நாக்கு எதுக்குங்க?" என்று கேலி செய்வாய். மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிறவளைக் கட்டிய பெருமை எனக்கு.

உனக்குப் பாரிசவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அதே டின்னை எடுத்துப் பார்த்தாய். உன் கையெழுத்துத்தான். உனக்கு அது வெறும் கோடு. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாய். பிறகு என்னிடம் நீட்டினாய். நான் என்ன செய்வேன்?

வாயிலும் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. தண்ணீர் கேட்டாலும் "சீனி". வலித்தாலும் "சீனி". என்னைக் கூப்பிட்டாலும் அதே. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சீனி மாமா, வீட்டுல தேடுறாங்க!" என்பாள். நீயும் சிரிப்பாய், பாதியில் அழுவாய். மனப்பாடமான செபம் மட்டும் தடங்கல் இல்லாமல் வரும். மூளையில் அதற்கு வேறு இடமாம். கிளினிக்கில் உனக்குப் பேச்சுப் பயிற்சி தந்த மிஸ் சொன்னார்.

அந்தச் செபம்தான் உன்னை மாட்டிவைத்தது. சண்டைக் காலம் அது; கிளினிக் போகும் பஸ்ஸை நாலந்தா சோதனைச் சாவடியில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பேர் கேட்டான். "சீனி" என்றாய். அடையாள அட்டையில் வேறு பேர்.

"அவளுக்குப் பேச வராதுங்க மாத்தயா" என்று, டாக்டர் உன் நோயைப் பற்றி எழுதித் தந்த தாள் என்று நினைத்து ஒன்றை நீட்டினேன். அது மருந்துத் துண்டு. பையில் இரண்டு தாள்கள். எது எது என்று நம் இருவருக்கும் தெரியாது. அவன் கத்தினான். பயத்தில் நீ செபம் சொல்லத் தொடங்கினாய், ஒரு சொல் பிசகாமல்.

"பேச வராதுன்னு சொன்னே?" என்று சிங்களத்தில் கேட்டு உன்னைத் தனியே இழுத்தான். "சொல்லாத தாயி, நிப்பாட்டு" என்று கெஞ்சினேன். உன்னால் நிறுத்த முடியவில்லை. வஹகோட்டைத் தேவாலயத்துக்குப் போகிற சிங்கள அம்மா ஒருவர் என் பையைப் பிடுங்கி, மற்றத் தாளை எடுத்து உரக்க வாசித்தார். அதன் பிறகே விட்டார்கள்.

அன்று மிஸ் உனக்கு முதலாம் வகுப்புப் புத்தகம் தந்தார். மாலைதோறும் நான் பிடித்துக்கொள்வேன். உனக்கென்று மிஸ் சொல்லித் தந்த எழுத்தெல்லாம் எனக்குள் ஏறியது. உனக்கு ஒன்றும் திரும்பவில்லை. படத்தின் கீழுள்ள சொல்லை நான் சரியாக வாசித்தால், படத்தைப் பார்த்து இடக்கையால் என் தொடையில் தட்டுவாய். ஓர் எழுத்தாவது வந்துவிடாதா என்று உன் வாயையே பார்த்திருப்பேன். வராமலே நீ போய்விட்டாய்.

டின்னில் ஒட்டிய தாளில் மை மங்கிவிட்டது. உன் எழுத்தின் மேலே எழுத என்னால் முடியும், எழுத மாட்டேன். அடையாள அட்டையிலுள்ள என் பேரையும் எழுதப் பழகிவிட்டேன். ஆனால் இங்கே, நீ கூப்பிட்ட பேரைத்தான் போடுகிறேன்.

சீனி