பிரேக்கைத் தளர்த்திய மூன்று நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், என் முழங்கால் சுமார், அம்மா நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. பக்கவாதம் வந்து நாலு மாதமாகியும் அம்மாவுக்கு வலது கையும் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. பிசியோதெரபிஸ்ட் தினமும் வந்து மரக்கட்டையைப் பிடிக்கச் சொல்லித்தருகிறார், அவர் நன்றாகவே பிடிக்கிறார், அம்மாவுக்குத்தான் வரவில்லை.

போன மாதம் போனில் உன் ஆராய்ச்சியைச் சொன்னாய். மூளையில் இரண்டு செல்கள் சேரும் இடம் பழகப் பழக வலுப்படும், அதுதான் கற்றுக்கொள்வது, ஆனால் பக்கத்திலேயே தடுக்கிற செல்கள் உண்டு, அவை கொஞ்சம் பிடியை விட்டால்தான் அந்த இணைப்பு மாறும், அடியோடு விட்டால் வலிப்பு என்றாய். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க அம்மாவுக்குக் கொடுக்கும் மாத்திரை அந்தப் பிடியை இறுக்கும் வகை என்றும் சொன்னாய். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் சொல்லக்கூடிய விஷயமா இது? பிரேக் இறுகினால் நாங்கள் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துவோம். மாத்திரையில் கால் பங்கை வெட்டினேன், ஸ்கேல் வைத்து. டாக்டரையும் கேட்கவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை தலை வாரும்போது அம்மா தெளிவாக, வலிக்குதுய்யா, மெதுவா வாரு என்றாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். மத்தியானம் வலிப்பு வந்தது. டாக்டரிடம் மாத்திரையை வெட்டியதை, என் லிஃப்ட் பிரேக் கணக்கோடு ஒப்புக்கொண்டேன். பெரியவரே, லிஃப்ட் கெட்டா வேற லிஃப்ட் மாட்டுவீங்க, இதுக்கு என்ன பண்ணுவீங்க என்று டாக்டர் கேட்டார். அம்மா பேசியதைச் சொன்னேன், தற்செயலாக இருக்கும் என்றார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். உன் சித்தி மாத்திரை டப்பாவைப் பூட்டி, மாமா, நீங்க ரிப்பேர் பாத்தது போதும் என்று சாவியை எடுத்துக்கொண்டாள். நியாயம்தான்.

உன் மேல் தப்பில்லை, நீ சொன்னது சரி, கேட்டவன்தான் சரியில்லை. ஆனால் பேச்சும் வலிப்பும் ஒரே கதவு வழியாகத்தான் வருமென்றால், அந்தக் கதவைத் திற என்று வேண்டுவதா, மூடு என்று வேண்டுவதா? உன்னைக் கேட்கலாமென்றால், நாங்க பாக்குற எலி மூளையே இன்னும் முழுசா புரியலப்பா என்று அன்றைக்கே சொல்லிவிட்டாய். இப்போதும் தலை நான்தான் வாருகிறேன். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி வாருகிறேன். பொறுத்துக்கொள்கிறாள்.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். பதில் வராவிட்டாலும் வைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு, அவள் காதில் பிடித்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா