செவலையையும் மலைக்குக் கூட்டிப் போனவளுக்கு

இன்று காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். மஞ்சள் துணி உடுத்திய கூட்டம் ஒன்று கோவிந்தா போட்டபடி திருப்பதிக்கு நடந்து போனது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஷிப்டு பஸ்ஸுக்கு நின்ற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் உன்னைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? உன்னிடமே பேசிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மண்ணூரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே வேலி. எழுபதுகளின் கடைசி அது. சவுக்குத் தோப்புக் காவலுக்குப் போன உன் வீட்டுக்காரர் சுவரில்லாத கிணற்றில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கூடப் போன உன் இரண்டு நாய்களில் கருப்பன் ஊருக்குள் ஓடிவந்து உன் புடவையைப் பிடித்து இழுத்தான். கிழவி செவலையோ கிணற்றோரத்தை விட்டு நகராமல் குரைத்துக்கொண்டே இருந்தாள். மனிதர் எழுந்து நடந்தால் இந்த இரண்டு நாய்களோடும் திருப்பதிக்கு நடந்தே வந்து மலையேறுகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டாய். அவர் நடந்தார். விந்தி விந்தித்தான், ஆனாலும் நடந்தார்.

புரட்டாசி நடைக்கு ஆடியிலேயே பழக ஆரம்பித்துவிட்டாய். விடிந்ததும் செருப்பில்லாமல் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. துணைக்கு நான்.

"சர்ச்சுக்குப் போறவளுக்கு இன்னா மலை நடை, மேரி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நா மலைக்குப் போவல. நாய்ங்களுக்குத் தொணைக்குப் போறேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நம் ஊர் நாய்கள் படிக்கட்டையே பார்த்ததில்லை என்பது உனக்குத்தான் முதலில் உறைத்தது. ஏரிக்கரையில் கல்படி இருந்த இடத்தில் ஏற்றி இறக்கிப் பழக்கினாய். கருப்பன் இரண்டே நாளில் தாவக் கற்றுக்கொண்டான். செவலை முதல் படியில் முன்காலை வைத்துவிட்டு உன் முகத்தையே பார்ப்பாள். நீயும் அவள் பக்கத்தில் குனிந்து கையை ஊன்றி ஏறிக் காட்டுவாய். மாடு மேய்க்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அதோடு விட்டாயா? புரட்டாசி பிறந்ததும் நாய்களுக்கும் விரதம் என்றாய். கருவாட்டுச் சோறு தின்று வளர்ந்த ஜீவன்களுக்கு வெறும் மோர்ச்சோறு. கருப்பன் நேராக வேலியில் நுழைந்து என் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டான். நீ பின்னாலேயே வந்தாய்.

"உங்க வூட்டுக் கறிக்கொழம்பு வாசனைக்கு என் நாயோட விரதம் இன்னாடி ஆவுறது? இந்த மாசம் நீங்களும் நிறுத்திடுங்க."

நிறுத்தினோம். புரட்டாசியில் கறி தின்னாத கிறிஸ்தவக் குடும்பம் ஊரிலேயே எங்களுடையதுதான். ஃபாதர் கேட்டால் என்ன சொல்வது என்று என் வீட்டுக்காரர் தவித்தார். நாய்க்கு விரதம் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஆனால் செவலை இளைத்துப் போனாள். ஒருநாள் ஏரிக்கரையில் அப்படியே படுத்துவிட்டாள், எழுப்பினாலும் எழவில்லை. நீ அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "இது வரலன்னா வேண்டுதல் பாதிதாண்டி" என்று அழுதாய். எனக்குக் கோபம் வந்தது. வயசான ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டு என்ன வேண்டுதல் என்று திட்டினேன். உன்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். வீட்டுக்குப் போனதும் நீயே கருவாடு சுட்டுச் சோற்றில் பிசைந்து ஊட்டினாய். பிறகு நீ குளித்துவிட்டு உன் விரதத்தைத் தொடர்ந்தாய்.

செவலை எழுந்துவிட்டாள், ஆனால் நெடுந்தூரம் நடக்கக் கால் இல்லை. உன் வீட்டுக்காரர், "ஒண்ணு போனா போதாதா, சாமி இன்னா கோச்சிக்கவா போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ எருக்கூடையைக் கழுவிக் காயவைத்து, செவலையை அதில் உட்காரவைத்துத் தலையில் சுமந்து பழகினாய். பத்தடிக்கு ஒருதரம் அவள் குதித்துவிடுவாள். என் தலையிலும் ஏற்றிப் பார்த்தாய், என் கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை.

புறப்படும் நாள் காலை பெருமாள் கோயில் வாசலில், கூட்டத்தை நடத்திப் போகும் குருசாமி உன்னைத் தடுத்தார். "கெய்வி நாய்மா இது. வழியில செத்துப்போச்சுன்னா எல்லாருக்கும் மனசு கெட்டுடும். விட்டுட்டு வா."

"அது வரலன்னா நானும் வரல சாமி" என்றாய். கூட்டம் முணுமுணுத்தது. நீ செவலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். இவ்வளவு பாடுபட்டும் நீ மலைக்குப் போகாமலே நின்றுவிடுவாயோ என்று பயந்தேன்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் விந்தி விந்தி வந்தார். தோளில் இருந்த துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார்.

"கெணத்துல கெடந்தப்போ மேல யாருமே இல்ல சாமி. இதோட கொரலு மட்டும்தான் கேட்டுக்கினு இருந்துது. நானே தூக்கினு வரேன்."

குருசாமி வழிவிட்டு நகர்ந்தார். கூடையை அவர் தலையில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். செவலை அன்று குதிக்கவில்லை. நொண்டிக் காலோடு அவர் மெதுவாக நடந்ததால் மொத்தக் கூட்டமும் உங்களுக்காக மெதுவாக நடந்ததாம். மலைப்படியில் பாதியைச் செவலை தானே ஏறினாளாம். திரும்பி வந்து நீ சொல்லச் சொல்ல எனக்கே போய் வந்தது போல இருந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டுப் பக்கத்து வேலி போய்க் கம்பெனி மதில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. சாயங்காலம் அந்த மதிலோரமாகத்தான் இரண்டு பேரும் நடக்கிறோம். "நீ முன்னாடி போ மேரி, நா மெதுவா வரேன்" என்று தினமும் சொல்கிறார். நான் போவதில்லை. உன்னோடு நடந்து பழகிய கால்கள் இவை, யாரையும் விட்டுவிட்டு முன்னால் போக இவற்றுக்குத் தெரியாது.