நிறுத்த நாள் கார்டு

போன வாரம் உன்னை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய மறுநாள், மாத்திரைச் சீட்டைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். சீட்டு கிடைக்கவில்லை. நீ துளையிட்டுக் கொடுத்த கார்டு கிடைத்தது. ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. ஒரு மூலையில் டீக்கறை, அது என் உபயம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். துளைகள் வழியாக இன்னும் வெளிச்சம் வருகிறது. என் பேத்தி எட்டிப் பார்த்து, "இது இன்னா தாத்தா, பழைய ரயில் டிக்கெட்டா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு புதன்கிழமை முழுவதையும் அவளுக்குச் சொல்ல அப்போது எனக்குத் தெம்பில்லை. உனக்குச் சொல்லலாம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்தை நான் உன்னிடம் நேராகச் சொன்னதே இல்லை.

எழுபதுகளில், சென்னையில் நம் கல்லூரியின் கடைசி வருடம் அது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒரு விரிவுரையாளர் கரும்பலகையில் 'சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்' என்று எழுதினார். இரும்பு இல்லை, செங்கல் இல்லை, இதில் என்ன எஞ்சினியரிங் என்று பின் பெஞ்சில் முணுமுணுப்பு கிளம்பியது. முணுமுணுத்தது நான்தான். நீ மட்டும் அந்தப் பெயரை நோட்டில் அழுத்தி எழுதி அடியில் கோடு போட்டாய். நான் திருவள்ளூர்க்காரன், அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். நீ பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து படகு, பஸ், பாசஞ்சர் என்று மூன்று மாறி வருகிறவன். பேசின் பிரிட்ஜில் உன் ரயிலும் என் ரயிலும் நின்று நின்று ஊர்ந்த ஒரு காலையில், ஜன்னலுக்கு ஜன்னல் பேச ஆரம்பித்ததுதான் நம் பழக்கம்.

கல்லூரி முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். குளிரூட்டிய அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நாம் ஃபோர்ட்ரானில் எழுதியதை ஒரு வரிக்கு ஒரு கார்டு என்று துளையிட்டு, கட்டாகக் கட்டி, ஒரு சின்ன ஜன்னல் வழியாக ஆபரேட்டரிடம் நீட்டினால், மறுநாள் தாளில் அச்சாகி வரும். முதல் நாளே நீ சொன்னாய்: "உங்க கோயிலு மாதிரியே கீது சாமி. நம்மள உள்ள வுட மாட்டானுங்க, தட்டை மட்டும் வாங்கிப்பானுங்க." எனக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தேன்.

இருவர் இருவராகச் செய்ய வேண்டிய திட்ட வேலைக்கு மற்றவர்களெல்லாம் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய தொழிற்சாலைகளின் சரக்கு இருப்பை எடுத்துக்கொண்டார்கள். நீ உங்கள் ஊர்ப் பாட்டைப் போடலாம் என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏரி முகத்துவாரத்தில் கழி நட்டு வலை கட்டும் இடங்கள் கொஞ்சம்தான், வீடுகளோ அதிகம், அதனால் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று சுற்றில் வரும் முறைக்குத்தான் பாடு என்று பெயர் என்று, கல்லூரிக் கேன்டீன் மேசையில் உப்பைக் கொட்டி எனக்கு வரைந்து காட்டினாய். வருடம் முழுவதற்கும் எந்த நாளில் யார் முறை என்று அச்சடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் நிரல்தான் நம் திட்டம். சரக்கு இருப்பை விட இது கடினம் என்று தெரிந்ததும் எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது.

உனக்கு அது வீம்பு இல்லை. உன் அப்பா போன பிறகு உங்கள் வீட்டில் ஆண் நீ ஒருவன்தான். வீட்டு ஆள் தண்ணீரில் நின்றால்தான் முறை செல்லும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். பரீட்சைகளுக்காக நீ ஏற்கெனவே இரண்டு தவறவிட்டிருந்தாய். உன் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டது அந்த ஒரு பங்கில்தான்.

தகவல் சேகரிக்கிறேன் பேர்வழி என்று பெரிய தோரணையோடு உன் குப்பத்துக்கு வந்தேன். வலை இறங்காத நாள் என்னென்ன என்று கேட்டேன். அமாவாசை, பொங்கல், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் என்று நீ விரல் மடக்கினாய். எல்லாவற்றையும் நிரலில் சேர்த்தோம். அச்சான தாளை நீ வீட்டுச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினாய். உன் முறை திங்கட்கிழமை. வெளித் தேர்வாளர் வந்து நம் நிரலை ஓட்டிப் பார்க்கும் நாள் அந்தப் புதன்கிழமை. இரண்டும் முட்டவில்லை. அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும் டீ குடித்துக் கொண்டாடினோம்.

செவ்வாய்க்கிழமை நீ சவரம் செய்யாத முகத்தோடு வந்தாய்.

"பேஜாரா பூடுச்சி சாமி. நேத்து வலையே எறங்கல. இன்னிக்கும் எறங்காது."

"ஏன்டா?"

"பக்கத்து ஊட்டுப் பெரியநைனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் பூட்டாரு. சாவு வுழுந்தா ரெண்டு நாளு குப்பத்துல யாரும் தண்ணில எறங்க மாட்டாங்க. முறை அப்டியே நிக்கும். எங்க ஊட்டு முறை நாளைக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

சத்தம் போட்டேன். உன் சட்டையைப் பிடித்தே உலுக்கியிருப்பேன், வராந்தாவில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது யோசித்தால் யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. இருபது வயதில் சாவைக் கணக்கில் சேர்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். கூட்டாளி ஒருவர் வராவிட்டால் இருவருக்கும் மதிப்பெண் கிடையாது, அடுத்த வருடம்தான். தேர்வாளர் வெளியூரிலிருந்து அந்த ஒரு நாள் மட்டும் வருகிறார், முதல் ஜோடி நாம். விரிவுரையாளரிடம் போய் விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லாத. மீன் புடிக்கப் போய்க்கிறான்னு கேட்டா சிரிப்பானுங்க. நாலு வருசமா இந்தக் காலேஜுல எவன் மூஞ்சிக்கும் அந்த வாய்ப்பு குடுக்கல நானு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "கடத்தண்ணி ஓதம் மாறினதும் வலைய தூக்கிட்டு எட்டு மணிக்குக் கெளம்பிட்றேன். பதினொன்ர, பதினொன்னே முக்காலுக்கு வந்துடுவேன். அதுவரிக்கும் எப்டியாவது இழுத்துக்கினு இரு."

புதன்கிழமை பத்து மணிக்குத் தேர்வாளர் வந்துவிட்டார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் அடிக்கடி பார்க்கிற கடிகாரம். உன் இன்னொரு பாதி எங்கே என்றார். ரயில் தாமதம் சார் என்றேன். நிரலை ஓட்டுங்கள், அதற்குள் வரட்டும் என்றார். அன்று மட்டும் மாணவர்களை உள்ளே விட்டிருந்தார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் கார்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ஓட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு கேள்விகள். பிறகு நீ இல்லை என்று எழுதுவார்.

நான் கையை விட்டுவிட்டேன்.

கார்டுகள் தரையெங்கும் சறுக்கிக்கொண்டு ஓடின. ஆபரேட்டர் ஐயோ என்றார். கட்டைக் கீழே போடுவதை விடப் பெரிய கேவலம் நம் வகுப்பில் கிடையாது, உனக்குத் தெரியும். தேர்வாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. முட்டி போட்டுப் பொறுக்கினேன். ஆனால் நீ இருக்கிறாயே, எப்போதும் ஜாக்கிரதைக்காரன். கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சிலால் சாய்கோடு இழுத்து வைத்திருந்தாய், விழுந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம் என்று. ஆபரேட்டர் அதைக் கண்டுபிடித்துச் சந்தோஷமாக எனக்கு உதவிக்கு வந்தார். அந்த நல்ல மனிதரை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் தெரியுமா? எவ்வளவு மெதுவாகச் செய்தும் பதினொன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கட்டு தயாராகிவிட்டது.

ஆபரேட்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நடுவிலிருந்து ஒரு கார்டை உருவிக் கடைசிக்கு முன்னால் செருகினேன். நிரல் பிழை என்று கக்கியது. தேர்வாளர் தாளை வாங்கிப் புரட்டினார். தவறைக் கண்டுபிடி, பதினொன்றே முக்காலுக்கு இன்னொரு ஓட்டம், அதோடு சரி என்றார். நான் தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். வரிகளைப் பார்ப்பது போல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து. அப்பாவின் முகம் வந்தது. இந்தப் பட்டத்துக்காக அவர் யாரிடமெல்லாம் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். உன்னால் நான் கெடப்போகிறேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கெண்டைக்காலில் காய்ந்த சேற்றுக் கோடு. ஏரி வாசனை அந்தக் குளிர் அறை முழுக்க நிறைந்தது. நீ யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து கட்டின் மேல் விளிம்பைப் பார்த்தாய். சிவப்புக் கோட்டில் ஒரு பொட்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் அந்தக் கார்டை உருவி, அதன் இடத்தில் செருகி, ஆபரேட்டரிடம் கொடுத்தாய். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்.

நிரல் ஓடியது. பட்டியல் சர்ரென்று அச்சாகி இறங்கியது. தேர்வாளர் அன்றைய தேதியில் விரலை வைத்து, "இது சரியான பட்டியல்தானா?" என்று கேட்டார்.

"சரி சார்" என்றேன் நான்.

"இல்ல சார்" என்றாய் நீ. "தப்பு."

இவ்வளவு பாடுபட்டு இழுத்துப் பிடித்தது இதற்குத்தானா என்று உன் முழங்கையைக் கிள்ளினேன். நீ நகரவில்லை.

"இது எங்க ஊட்டு முறை திங்கக்கெழமன்னு சொல்லுது சார். இன்னிக்குக் காலையிலதான் எங்க முறை. நான் வலை போட்டுட்டுத்தான் வரேன். நான் மீன் புடிக்கிறவன் சார்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் மாறியது என்று தேர்வாளர் கேட்டார். ஊரில் ஒருவர் இறந்ததையும், முறை நின்றதையும் சொன்னாய். அதை நிரலில் எப்படிச் சேர்ப்பாய் என்றார். மேசையிலிருந்து ஒரு வெற்றுக் கார்டை எடுத்தாய். "இதுக்குன்னு ஒரு கார்டு சார். சாவு வுழுந்தா கட்டுல சொருகிட்டு ஓட்டணும். அன்னிக்கு நாளு நகரும், முறை நகராது." அவர் குனிந்து உன் சேற்றுக் கால்களைப் பார்த்தார். பிறகு, "உட்காருங்கள் தம்பி" என்றார். அதுவரை எங்கள் யாரையும் அவர் உட்காரச் சொல்லியிருக்கவில்லை.

இருவரும் தேறினோம். என் பெயருக்கு எதிரே கவனக்குறைவு என்று எழுதினார். நான் எதிர்பார்த்திருந்த முதல் வகுப்பு அதோடு போயிற்று. அப்பா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சென்ட்ரலில் உன் ரயிலுக்குக் காத்திருந்தபோது, "கை தவறிடுச்சுடா" என்றேன்.

"தவறின கை, நடுவுல கீற கார்டை எடுத்து கடசீல வெக்குமா?" என்றாய். ரயில் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாய்: "நல்ல எறா மாட்டிச்சி சாமி இன்னிக்கு. உனக்குக் குடுத்து வெக்கல!" நடைமேடையில் இருந்தவர்களெல்லாம் என் நெற்றி நாமத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறு வாரம் இந்தக் கார்டைத் துளையிட்டாய். இரண்டு செய்தாய். ஒன்று நிரல் கட்டில் போயிற்று, ஒன்றை என்னிடம் கொடுத்தாய். ஹோல்ட், அதாவது நிறுத்து, என்று நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு எத்தனை நாள் என்று குறிக்க இரண்டு இடம். அந்த இரண்டும் காலி. ஏன்டா துளையிடவில்லை என்றேன். "எத்தினி நாளுன்னு இப்பவே எப்டித் தெரியும்? அப்பப்போ அடிச்சிக்கினா போச்சி."

நீ கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் சேர்ந்தாய், குப்பத்தை விட்டு நகரவில்லை. நான் ஊர் ஊராகப் போய் நிரல் எழுதிப் பிழைத்தேன். எந்த வேலையை எடுத்தாலும் முதல் கூட்டத்தில் என் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் இருக்கிற ஒருவர் நாளைக்குச் செத்துப்போனால் என்ன ஆகும்? சிறுசுகள் என் முதுகுக்குப் பின்னால் அபசகுனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உன்னிடம் சொன்னபோது போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

போன வாரம் உன்னை வழியனுப்ப அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டி வந்தேன். குப்பத்தில் படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. முகத்துவாரத்தில் கழிகள் மட்டும் நின்றன, ஒன்றிலும் வலை இல்லை. உன் பெரிய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன பேசுவதென்று தெரியாமல், இன்றைக்கு யார் முறை என்று கேட்டேன்.

"நம்ம ஊடுதான் சாமியண்ணா. ரெண்டு நாளு நிக்கும். அப்பாலயும் அது நம்ம ஊட்டுக்குத்தான். யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

அந்த இரண்டு நாள் முடிந்துவிட்டது. உன் மகன் தண்ணீரில் இறங்கியிருப்பான், முறை அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருக்கும். அதுதான் சரி, நிரலும் அதைத்தான் சொல்கிறது. எனக்குத்தான் நகரவில்லை. காலையில் எழுந்ததும் உனக்குப் போன் செய்யக் கை போகிறது. கார்டை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு இடத்தில் என்ன எண்ணைத் துளையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலியாகவே இருக்கட்டும்.