செட்டுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருக்கணும்னு எழுந்ததும் நினைச்சுக்கறேன். நான் இருக்கேன். நல்லா இருக்கேன்னு எழுதலாம்னு பார்த்தா பேனா அங்கயே நின்னுடுது, அதனால இருக்கேன்னு மட்டும் வெச்சுக்கோ. போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டு வெச்சிடறோம். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், அப்பாவோட ரேடியோப் பேரை, அந்தக் கால் சைனைச் சொல்லிக் கூப்பிட்டேம்மா, அந்தப் பக்கம் யாருமே இல்லைம்மான்னு சொல்லிட்டு நீ வெச்சுட்டே. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாப் படி. அந்தப் பக்கம் நான் இருந்தேன்டி.

முதல்லேர்ந்து சொல்றேன். வெயில் மழை எதுன்னாலும் குடையோட வர்றாரே, உங்கப்பாவோட ரேடியோ சிநேகிதர், அந்தக் குடைக்காரர் போன வாரம் வந்தார். அவங்க கூட்டத்துல ஒருத்தர் போயிட்டா ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் அவங்கவங்க வீட்டு ரேடியோ செட்டுல ஒண்ணா கூடி, ஆளாளுக்கு அவர் கால் சைனை ஒரு தடவை கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாங்களாம். பதில் வராதுன்னு தெரிஞ்சுதான் காத்திருப்பாங்களாம். கடைசியில உங்க பொண்ணும் கூப்பிடுது, அதுக்கும் செட்டுல பேச லைசென்ஸ் இருக்கேன்னார். பச்சை உடம்புக்காரி நீ, தையல் ஆறாம வர முடியாம அங்க தவிச்சே. உன் குரல் இந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை வரணும், அதை நான் கேட்டே ஆகணும்னு எனக்கு ஆயிடுச்சு.

செட்டு அவர் வெச்ச இடத்துலயே, அவர் போட்டு மூடின பைக்குள்ளயே இருந்தது. ஆனா அவரை எடுத்துட்டுப் போன அன்னிக்குக் கரண்ட் இல்லைன்னு யாரோ பேட்டரியைக் கழட்டி லைட்டுக்குப் போட்டிருந்தாங்க. உன் மாமாவைக் கூப்பிட்டேன். அவன் வீடு வீடா ஒயரிங் பண்றவன், அக்கா இதெல்லாம் ஒரு வேலையான்னு உட்கார்ந்தான். நான் அவனுக்கு டீ போடப் போயிட்டேன், அங்கதான் வினை. உங்கப்பா கண்ணுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால ஒயர் எந்தக் கலரா இருந்தாலும் பிளஸ்ஸுக்குப் போறதுல ஒரு முடிச்சு போட்டு வைப்பார், உனக்குத்தான் தெரியுமே. இந்தச் செட்டுல முடிச்சு இருந்தது கறுப்பு ஒயர்ல. இவன் என்னடா இது அலங்கோலமான்னு முடிச்சை அவிழ்த்து நீவி விட்டுட்டு, கலரைப் பார்த்து மாட்டிட்டான். பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான், செட்டு கம்முனு ஆயிடுச்சு. உங்கப்பா இருந்திருந்தா, மச்சான் ஸ்விட்ச் போட வந்தா தெருவுக்கே கரண்ட் போயிடும்னு சொல்லியிருப்பார்னு நான் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். முடிச்சை அவிழ்த்த இடத்துல ஒயர் இன்னும் வளைஞ்சே இருந்தது, அவர் கை இழுத்து இறுக்கின வளைவு. நான் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எனக்கு என்ன தெரியும், டார்ச் பிடிச்சதுதான் தெரியும். ஆனா அவர் வேலை பார்க்கும்போது வாயை மூடினதே இல்லையே, கேட்டது காதுலயே கிடக்கு. முதல்ல பேட்டரியைப் பாரு, அப்புறம் ஃபியூஸ், அப்புறம் ஒயர், பெட்டியைத் திறக்கறது எல்லாத்துக்கும் கடைசின்னு சொல்வார். மீட்டரை வெச்சுப் பார்த்தோம், பேட்டரி சரியாக் காட்டுச்சு. ஃபியூஸ் கருகியிருந்தது. ஒயரைச் சரியா மாத்தி மாட்டிட்டுப் புது ஃபியூஸ் போட்டா அதுவும் போச்சு. அப்படின்னா உள்ள ஏதோ ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். திறந்தோம். ஒயர் உள்ள நுழையற இடத்துலயே கறுப்பா ஒரு டயோடு, ஓரத்துல வெள்ளிக் கோடு போட்டது, அதுதான் காவல்காரன், யாராவது மாத்தி மாட்டினா இது செத்து மத்ததைக் காப்பாத்தும்னு அவர் காட்டியிருக்கார். மீட்டர் வெச்சா ரெண்டு பக்கமும் கீன்னு கத்துச்சு, காவல்காரன் செத்துட்டான். அவர் டப்பாவுல அதே மாதிரி ஒண்ணு இருந்தது, உன் மாமா அதை மாத்தி ஈயம் வெச்சுப் பத்த வெச்சான். ஃபியூஸைப் போட்டு ஸ்விட்சைத் திருப்பினதும் அந்த உஸ்ஸ்னு இரைச்சல் வந்ததும்மா. வருஷக்கணக்கா அந்த இரைச்சலை நிறுத்துங்கன்னு சண்டை போட்டவ நான். அன்னிக்கு அது அப்படியே ஓடட்டும்னு விட்டுட்டுச் சமைச்சேன்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் செட்டுல வந்தாங்க. ஒவ்வொருத்தரா அவர் கால் சைனைச் சொல்லிக் காத்திருந்தாங்க. குடைக்காரர் குரல் பாதியில உடைஞ்சது. அப்புறம் நீ. மெலிசா, தண்ணிக்கு அடியிலேர்ந்து பேசற மாதிரி, நீ. பின்னாடி குழந்தை சிணுங்கினது கூட எனக்குக் கேட்டுச்சு. நீ மறுபடியும் கூப்பிட்டே. எல்லாரும் ஒரு தடவைதான் கூப்பிடணும், நீ மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டே, யாரும் உன்னை நிறுத்தலை. மைக் என் கையில இருந்தது. லைசென்ஸ் இல்லாதவங்க பேசறதுக்கான அந்தப் பட்டனைத் தொடவே கூடாதுன்னு உங்கப்பா எவ்வளவு கறாரா இருப்பார், சின்ன வயசுல நீ தொட்டதுக்கே முதுகுல வெச்சார். தெரிஞ்சும் அமுக்கிட்டேன். கண்ணுன்னு கூப்பிட வாயைத் திறந்தேன், முதல் எழுத்துலயே விளக்கு மங்கி செட்டு அணைஞ்சு போச்சு.

பேட்டரிதான். கேட்கறதுக்குக் கொஞ்சூண்டு கரண்ட் போதும், பேசத்தான் நிறைய வேணும். சும்மா இருக்கும்போது அளந்தா சரியாத்தான் காட்டும், பேச ஆரம்பிச்சா கீழ விழுந்துடும், பட்டனை அமுக்கிட்டே அளக்கணும்னு அவர் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருக்கும். பேசற நினைப்பே இல்லாததால நான் அதை அளக்கலை. உன் மாமா ஓடிப் போய் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழட்டிட்டு வந்து மாட்டறதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்க, வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ள உன்னைத் தேடி செட்டோட குமிழைத் திருகிக்கிட்டே இருந்தேன், போதும்க்கான்னு அவன்தான் என் கையை எடுத்து விட்டான்.

பதில் சொல்லாததைத்தான் தாங்க முடியலை. அவர் போகும்போதும் நான் பக்கத்துல இல்லை, கடையில நின்னேன். உன்னையும் இப்படிக் காத்திருக்க விட்டுட்டேனேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. அதனால ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கூட்டத்தோட நீ பேசறதை விட்டுடாதே. அப்பா கால் சைனைக் கூப்பிட வேண்டாம், அதைக் கேட்க என்னால இனிமே முடியாது. அவங்ககிட்ட உன் கதையைப் பேசு, என்ன சமைச்சே, குழந்தை ராத்திரி தூங்கினானான்னு பேசு, அவன் அழுதா மைக்கை மூடாதே. நான் பட்டனைத் தொட மாட்டேன், அது உங்கப்பா மேல சத்தியம். கேட்டுக்கிட்டு இருப்பேன்.

நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாம நிறைஞ்சு இருக்கணும், குழந்தைக்கு என் ஆயுசும் சேரட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கேட்டதாச் சொல்லு. மறக்காதே, இடி இடிச்சா ஏரியல் ஒயரைச் செட்டுலேர்ந்து கழட்டி வெச்சிடு, அப்பா இல்லைன்னு அசட்டையா இருக்காதே.

இப்படிக்கு,
கேட்டுக்கிட்டே இருக்கற
உன் அம்மா