மூலை வெட்டிய பெட்டி

டோலியூ,
அக்டோபர் 26, ஞாயிறு

அன்பு மகள் பெய்ஷானுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், அடுப்பு இரண்டும் ஓடுகின்றன, என் வலது தோள்தான் இரண்டு வாரமாகக் கையைத் தூக்கவிட மாட்டேன் என்கிறது, அதன் காரணம் பின்னால் வரும். ஹெல்சிங்கியில் இப்போதே குளிர் எலும்பைத் தொடுகிறதாம், உன் அம்மா தினமும் போனில் பார்த்துச் சொல்கிறாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் தலையோடு போகாதே. அப்பா கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. போன ஞாயிறு போனிலேயே சொல்லத்தான் உட்கார்ந்தேன், திரையில் உன் முகம் வந்ததும் வாய் வரவில்லை, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் இதில் சொல்கிறேன். உன் அம்மா இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புவாள், தபாலிலும் வரும். எழுத்தைப் படமாக அனுப்பக் கூடாது என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

முதலில் உனக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம், நீ நம் கடைக்குச் செய்து கொடுத்த இணையப் பக்கம் தானாகவே அழிந்துவிட்டது, அவசரத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டோம் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். நான்தான் அழிக்கச் சொன்னேன். தைச்சுங்கிலிருந்து ஒருவர் வந்து, நிலா உதிப்பதும் பலகாரம் சுற்றுவதுமாக ஒரு பக்கத்தைக் காட்டினார், எனக்கு ஆசை வந்துவிட்டது. உன் பக்கத்தில் வெறும் பெரிய எழுத்து, ஒவ்வொரு பலகாரத்துக்கும் கீழே உள்ளே என்ன இருக்கிறது, என்ன கொழுப்பு, எப்படி மணக்கும் என்று நான்கு வரி. பார்க்க மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று உன் மாமன் டெங்ஷெங் சொன்னான், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இதையெல்லாம்கூட நீ மன்னித்துவிடுவாய். ஆனால் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது நீ அங்கே இருந்துகொண்டு, "என் தப்புதான்பா, நான் சரியா பாதுகாத்து வைக்கலபோல, மன்னிச்சிடுங்க" என்றாய். நான் "பரவாயில்லம்மா, விடு" என்றேன். நான் செய்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டாய், நான் பெரிய மனுஷனாட்டம் மன்னித்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் மாவு பிசைகிற கை நின்றுவிடுகிறது, ஷான்.

ஏன் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும், சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தைப்பேயில் உன் கல்லூரிக் கண்காட்சிக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டாய். உன் மேசைக்கு மேலே "இந்தப் பெட்டி யாரோடு பேசுகிறது?" என்று எழுதி, கடைகளின் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தாய். முதல் பெட்டி நம்முடையது. எங்கள் அப்பா கடைப் பெட்டி, நன்றாகக் கத்துகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது என்று நீ எல்லோரிடமும் விளக்கினாய், ஜனங்கள் சிரித்தார்கள், நீ என் தோளைப் பிடித்து "இவர்தான் எங்க அப்பா" என்று பெருமையாகக் காட்டினாய். உன் குரலில் பெருமைதான் இருந்தது, இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது சுட்டது. பக்கத்திலேயே சைவப் பலகாரத்துக்கு என்று நீ செய்த புதுப் பெட்டி, ஒரு மூலையை வெட்டி உள்ளே மடித்தது, கட்டைவிரலால் தடவினாலே எது என்று தெரிந்துவிடும். ஊருக்குக் கொண்டுவந்தோம், ஒரு வருஷம் விற்றோம். உன் மாமன் வீட்டு நிச்சயதார்த்தத்தில் மற்ற கடைகளின் தங்கப் பெட்டிகளுக்கு நடுவில் அதை வைத்தபோது, "என்ன அத்தான், எலி கடிச்சதையா சீர் கொண்டு வந்தீங்க?" என்று அவன் சபையில் கேட்டான். நீ விமானம் ஏறிய மறுவாரமே தங்கப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். நான்கு மூலையும் முழுசாக, மேலே பெரிய நிலா, சைவத்துக்கு அடையாளம் எள்ளளவு ஒரு பச்சைப் புள்ளி. உன் பெட்டிகள் தீர்ந்துபோய்விட்டன என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

இப்போது சுன்லியென் அக்காவிடம் வருகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மசாஜ் நிலையம் வைத்திருக்கிற கண் தெரியாத அக்கா, பதினோரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் என் தோளைப் பிடித்துவிடுகிறவர், உன்னை "எழுத்துக்காரப் பொண்ணு" என்று கூப்பிடுவாரே, அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெய்வம் குவான்யின் தாயாரிடம் வேண்டிக்கொண்டு, ஆயுசுக்கும் சைவம் என்று விரதம் எடுத்தவர். அந்தக் கிழவி அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள், அதனால் அக்காவுக்கு அந்த விரதம் விளையாட்டில்லை. நிலாப் பண்டிகை முடிந்த மறு செவ்வாய், நான் குப்புறப் படுத்திருக்கிறேன், முகம் கட்டில் ஓட்டைக்குள், கீழே அவர் செருப்பு மட்டும் தெரிகிறது. தோளைப் பிடித்துக்கொண்டே, "தம்பி, இந்த வருஷம் பயத்தம் பலகாரத்துல மேல் தோல் என்னமா பொரபொரன்னு உதிருது, தினம் காலையில தாயாருக்குக் காட்டிட்டு ஒண்ணு சாப்பிட்டேன், பன்னிரண்டும் தீர்ந்துபோச்சு, எண்ணெய்யை மாத்திட்டியா?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தாவர எண்ணெயில் செய்த தோல் அப்படி உதிராது, உனக்குத் தெரியும், பன்றிக் கொழுப்பில் செய்ததுதான் உதிரும். கறி வைத்தது ஒன்று, கறி இல்லாமல் கொழுப்புத் தோல் மட்டும் போட்டது ஒன்று, முழுச் சைவம் ஒன்று என்று நம்மிடம் மூன்று வகை, அவருக்குப் போனது நடுவில் உள்ளது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதே எண்ணெய்தான் அக்கா, மாவுதான் வேற" என்றேன். சொன்னதும் அவர் கை என் தோளிலேயே நின்றது. பிறகு துண்டை இழுத்து என் முதுகில் போட்டு, "இன்னைக்கு இது போதும் தம்பி" என்றார். பாதி நேரம்கூட ஆகவில்லை. நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கு நேரம் இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள், சொன்னேன், அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், திட்டியிருந்தால் தேவலை. டெங்ஷெங்கிடம் சொன்னால், "அத்தான், சாப்பிட்டது சாப்பிட்டாச்சு, நீங்க சொன்னாத்தானே அது பாவம், வாயை மூடிட்டு இருங்க" என்றான். இரண்டு நாள் மூடிக்கொண்டும் இருந்தேன், ஷான், அதையும் மறைக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கொழுப்பு, பொய், பக்கத்தை அழித்தது, எல்லாம். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும், நாக்குக்குச் சந்தேகம்தான், கைக்குச் சந்தேகமே இல்ல. நீ மாவு வேறன்னு சொன்னியே, அப்ப உன் தோள் கல்லாப் போச்சு. பதினோரு வருஷமாப் பிடிக்கிற தோள் எனக்குத் தெரியாதா?" என்றார். எப்படி மாறியது என்று அவரே சொன்னார். உன் பழைய பக்கத்தை அவர் போன் வரி வரியாகச் சத்தமாக வாசிக்குமாம், அதில் சைவம் மூன்றாவது. புதுப் பக்கத்தில் எழுத்தெல்லாம் படத்துக்குள், போன் "படம், படம், படம்" என்று மட்டும் சொன்னதாம். பழக்கத்தில் மூன்று எண்ணி அழுத்தியிருக்கிறார், புதுப் பக்கத்தில் வரிசை மாறி மூன்றாவதாக இருந்தது கொழுப்புத் தோல் போட்டது. போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அக்கா என்று வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். "பண்டிகை வாரம், உன் கை மாவுல இருக்கும், எதுக்குத் தொந்தரவுன்னு விட்டேன். பெட்டி வந்ததும் நாலு மூலையும் தடவிப் பார்த்தேன், முழுசா இருந்துச்சு. சரி, பெட்டியை மாத்திட்டாங்கபோலன்னு நினைச்சேன். உன் கடைன்னா சந்தேகப்படத் தோணல" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் எங்கே போய் ஒளிவது சொல். விரதம் போச்சே அக்கா என்று கேட்டேன். "தெரியாமத் தின்னது, அதை நான் தாயார்கிட்டப் பேசிக்கிறேன். அவங்க உன்னை மாதிரி இல்ல, கேட்டா நேரா பதில் சொல்லுவாங்க" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டு, "என்கிட்டச் சொல்லிட்ட. மத்தவங்ககிட்ட?" என்று கேட்டார்.

மற்றவர்கள் யார் என்று கேட்டேன். உன் இணையப் பக்கம் கண் தெரியாதவர்கள் நடுவில் கைமாறிப் போயிருக்கிறதாம், ஜியாயி, தைனான் வரைக்கும். "போன் வாசிக்கிற பலகாரக் கடை" என்று அவர்களுக்குள் நமக்குப் பெயராம். நான் மருந்துச் சீட்டு என்று சிரித்ததற்கு அவர்கள் வைத்த பெயர் அது. வெள்ளி, சனி இரண்டு நாளும் நானும் அம்மாவும் அந்த வகை வாங்கின எல்லோருக்கும் போன் போட்டோம். பாதிப் பேர் எடுத்தார்கள். ஒரு பெரியவர் நான் கறி சாப்பிடுகிறவன்தான், ஆனால் சொன்னதற்கு நன்றி என்றார். ஒரு அம்மாள் நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அதோடு முடிகிற காரியமா இது, நிலாப் பண்டிகைப் பெட்டியை வாங்கினவரேவா தின்கிறார், ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அவர் அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறார், எந்த வாயில் போய் முடிந்தது என்று யாருக்குத் தெரியும். அவர்கள் பெயரும் எண்ணும் என்னிடம் இல்லை. அவர்கள் திரும்பித் தேடி வந்தால் நம் பக்கத்துக்குத்தான் வருவார்கள், அங்கே நேற்று வரைக்கும் நிலா உதித்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். கேட்கிற தகுதி இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன் பழைய பக்கத்தை நீ எங்கேயாவது எடுத்து வைத்திருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். இருந்தால் திரும்பப் போடு. அதற்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதலில், நான் எழுதுவதைப் போடு. இதை மூன்று தடவை எழுதினேன். முதலில் "சிறு தவறு" என்று எழுதினேன், கிழித்தேன். அடுத்து "இணையக் கோளாறு காரணமாக" என்று எழுதி உன் அம்மாவிடம் காட்டினேன், அவள் வாசித்துவிட்டு, "கோளாறுக்குப் பேரு லாய் சிங்ஃபாதானே, அதைப் போடுங்க" என்றாள். கடை என்ன ஆகும் என்று முதலில் அழுதவளும் அவள்தான். மூன்றாவது இது: "இந்த நிலாப் பண்டிகைக்கு எங்கள் கடையில் கறி இல்லாத பயத்தம் பலகாரம் வாங்கியவர்கள், பரிசாகப் பெற்றவர்கள் கவனிக்கவும். அதன் மேல் தோலில் பன்றிக் கொழுப்பு இருந்தது. வாசிக்கக்கூடிய பக்கத்தையும் தடவி அறியக்கூடிய பெட்டியையும் எடுத்துவிட்டு, சைவர்கள் அறிய முடியாதபடி செய்தது கடைக்காரர் லாய் சிங்ஃபா. கேட்டவரிடம் பொய்யும் சொன்னார். விரதம் உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும்." வார்த்தையில் பிழை இருந்தால் திருத்து, மென்மைப்படுத்தாதே.

உன் பெட்டிகள் பரணில் மாவு மூட்டைக்குப் பின்னால் மூன்று கட்டு அப்படியே இருந்தன. உன் மாமன் சொன்ன எலிகூட அவற்றைத் தொடவில்லை. இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், நாளையிலிருந்து சைவம் அதில்தான் போகும். சுன்லியென் அக்கா என்னைத் திரும்ப வரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தோள் வலிக்கட்டும். உன் படிப்பு நன்றாக முடிய வேண்டும், உன் கைவேலை இன்னும் நிறையப் பேர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதைத்தான் பூஜைக்கு ஊதுவத்தி ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். நீ என் மேல் கோபப்படு, ஆனால் அம்மாவோடு பேசாமல் இருந்துவிடாதே. ராத்திரிச் சோற்றைத் தவிர்க்காதே, காலுறை இரண்டு போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காமல் செய். அந்த அறிவிப்பை எல்லோருக்கும் போடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு உன் போனை அதை வாசிக்கச் சொல்லிக் கேள். என் பெயர் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்.

இப்படிக்கு,
தலை குனிந்து உன்னை வாழ்த்தும்
அப்பா
லாய் சிங்ஃபா